ஐஸ் தண்ணீர் குடித்த கியர் கேபிள்: மூன்று சக்கர வண்டியோடு நான்கரை ஆண்டுகள்

சென்னை காசிமேட்டில் விடியற்காலையில் மீன் எடுத்து வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்துச் சில்லறைக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் தொழில். அப்பா மீன்பாடி வண்டி மிதித்தார். நான் 2021 ஜனவரியில் பழைய சரக்கு மூன்று சக்கர வண்டி ஒன்றை வாங்கினேன். பெட்ரோல் வண்டி, மோட்டார் சைக்கிள் போலக் கைப்பிடி, பின்னால் தொட்டி, தொட்டிக்கு அடியில் எஞ்சின். இதுவரை 48,000 கிலோமீட்டர் ஓட்டியாகிவிட்டது. எஞ்சினைப் பற்றிக் குறை இல்லை. பிரேக் சுமார். சுமையோடு லிட்டருக்கு 24, 25 கிலோமீட்டர் கிடைக்கிறது. கியர்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

ஆட்டோ ஓட்டாதவர்களுக்காக: இந்த வண்டியில் கியர் காலில் இல்லை, இடது கைப்பிடியில் இருக்கிறது. கிளட்சைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைத் திருகினால் கியர் மாறும். ரிவர்ஸுக்குத் தனி லிவர். கைப்பிடிக்குள் இருக்கும் சிறு சக்கரத்திலிருந்து இரண்டு கேபிள்கள் பின்னால் கியர்பெட்டி வரை போகின்றன. ஒன்று இழுத்தால் கியர் ஏறும், மற்றொன்று இழுத்தால் இறங்கும். கிணற்றுக் கயிறு போல ஒன்று வரும்போது மற்றொன்று போகும்.

முதல் கேபிள் வாங்கிய மூன்றாவது மாதமே அறுந்தது, அதுவும் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில். மூன்றாவது கியரில் வந்து நின்றேன். கேட் திறந்ததும் கைப்பிடியைக் கீழே திருகினால், பம்பரம் மாதிரிச் சும்மா சுற்றுகிறது. தொட்டியில் சங்கராவும் கானாங்கெளுத்தியுமாக முந்நூறு கிலோ. மூன்றாவது கியரில் அந்தச் சுமையைக் கிளப்ப எந்த வண்டியாலும் முடியாது. ஒவ்வொரு முறையும் எஞ்சின் அணைந்தது. பின்னால் நின்றவர்கள் ஹாரனை விடவே இல்லை. பக்கத்தில் இருந்த ஆட்டோக்காரர் ஒருவர்தான் இறங்கி வந்து, பின்பக்கம் குனிந்து, கியர்பெட்டியில் கேபிள் மாட்டும் கையைக் குறட்டால் நெட்டித் தள்ளினார். "அண்ணே, செகண்டில் போட்டிருக்கிறேன். எங்கேயும் நிற்காமல் போய்விடுங்கள்" என்றார். பெரம்பூர் வரை செகண்டிலேயே போனேன். இந்த வித்தையை இந்த வண்டி வைத்திருக்கும் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு குறடு போதும்.

கேபிள் மாற்றினேன். ஐந்து மாதத்தில் மீண்டும் அறுந்தது. வண்டி உதிரிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்கு நேரில் போய், மட்டமான கேபிள் என்று யாரும் சொல்ல முடியாத விலையில் வாங்கி வந்து மாட்டினேன். அது ஆறு மாதம் வந்தது. ஒவ்வொரு முறையும் அறுந்தது கைப்பிடிக்குள், கேபிள் முனையில் இருக்கும் ஈயக் குண்டுக்குப் பக்கத்தில். ஆகவே ஷெட்டில் கைப்பிடியைத்தான் பார்த்தார்கள். உள்ளே இருக்கும் சக்கரத்தை மாற்றினார்கள், கிரீஸ் அப்பினார்கள். "நீங்கள் முரட்டுத்தனமாகத் திருகுகிறீர்கள்" என்று எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார் ஒருவர். முரட்டுத்தனமாகத் திருகியது உண்மைதான். திருகாவிட்டால் கியர் விழாது, நான் என்ன செய்வது?

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுகள் கரையில் நிற்கும், என் வண்டியும் வீட்டு வாசலில் நிற்கும். 2022 ஜூனில் தடை முடிந்து, மறுநாள் அதிகாலை வண்டியை எடுத்தால் கைப்பிடி அசையவே இல்லை. அறுந்திருந்தால்கூட மனது ஆறியிருக்கும். இது சிமெண்டில் பதித்தது போல இறுகிவிட்டது. வருடத்தின் முதல் நாள் வியாபாரம் அது. வேறு வண்டிக்கு வாடகை கொடுத்து மீன் ஏற்றினேன்.

அதற்குப் பிறகு வேறொரு கோளாறு தொடங்கியது. பேசின் பாலத்தில் சுமையோடு ஏறும்போது செகண்ட் கியர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிடும். எஞ்சின் அலறும், வண்டி பின்னோக்கி நகரும், பின்னால் கண்டெய்னர் லாரி. அந்த ஒரு நொடியில் கும்பிடாத தெய்வம் இல்லை. பயந்துபோய், செகண்டில் இருக்கும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடியே ஓட்டப் பழகினேன். மணிக்கட்டு வலி வந்ததுதான் மிச்சம்.

காரணத்தைக் கண்டுபிடித்தது தண்டையார்பேட்டையில் பழைய ஷெட் வைத்திருக்கும் பாய். வண்டியைத் தொடுவதற்கு முன் அவர் கேட்ட முதல் கேள்வி: "கழற்றிய பழைய கேபிள்கள் இருக்கின்றனவா, தம்பி?" இருந்தன. மீன் பெட்டிகளைக் கட்ட அவற்றைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். நான்கையும் அவிழ்த்துத் தரையில் வரிசையாகப் போட்டார். ஒன்று இறுகியது, மற்ற மூன்றும் அறுந்த இடம் கைப்பிடி முனை. ஆனால் நான்கிலும் துரு ஏறியிருந்த இடம் கியர்பெட்டி முனைக்கு ஒரு சாண் முன்னால், அளந்து வைத்தது போல ஒரே இடம். அதன்பின் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார். தொட்டியின் மூலையில் இருந்த வடிகால் ஓட்டை, கியர் கேபிள்கள் தொய்ந்து வளையும் இடத்துக்கு நேர் மேலே இருந்தது.

ஐஸ் நல்ல தண்ணீரில் செய்ததுதான். ஆனால் மீனோடு கிடந்து உருகி வழிவது உப்பும் கவிச்சியும் கலந்த நீர். அது தினமும் கேபிள் உறையின் மேல் சொட்டி, வெடிப்பு வழியாக உள்ளே இறங்கி, தொய்வில் தேங்கியிருக்கிறது. ஓடும் நாளில் கேபிள் உராய்ந்து உராய்ந்து வழி விட்டுக்கொண்டது. தடைக்காலத்தில் அசையாமல் நின்றபோது துருவே அதைப் பூட்டிவிட்டது. பின்னால் இறுகியதால் நான் முன்னால் பலமாகத் திருகினேன். பலமெல்லாம் ஈயக் குண்டின் கழுத்தில் விழுந்து அங்கே அறுந்தது. கேபிள் அறுந்த இடத்தையே எல்லோரும் பார்த்தோம், நானும் சேர்த்து.

கியர் துள்ளியதற்கும் அதுவே காரணம், ஆனால் அதற்குள் நோய் உள்ளே போய்விட்டிருந்தது. இந்த வகைக் கியர்பெட்டியில் கியர் சக்கரங்கள் எல்லாம் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். கூட்டல் குறி போல நான்கு கை கொண்ட சிறு இரும்புத் துண்டு ஒன்று தண்டின் மேல் முன்னும் பின்னும் நகரும். எந்தச் சக்கரத்தின் உட்பள்ளத்தில் அது கை கோக்கிறதோ, அந்தக் கியர் இழுக்கும். ஷெட்டில் இதைக் கிராஸ் என்பார்கள். கேபிள் சரியாக நகராவிட்டால் கிராஸ் பாதிதான் கோக்கும். கைப்பிடி 2 என்று காட்டும், உள்ளே ஒன்றரையில் நிற்கும். அப்படியே சுமை ஏற்றி ஓட்டினால் கிராஸின் விளிம்புகள் மழுங்கும். மழுங்கிய பின் கேபிளை எவ்வளவு நேராக வைத்தாலும் துள்ளத்தான் செய்யும். பாய் எஞ்சினை இறக்கிக் கழற்றிக் காட்டியபோது, கிராஸின் முனைகள் சப்பிய மிட்டாய் போல உருண்டிருந்தன. உதிரிப் பாகமும் கூலியும் சேர்த்து எனக்கு 9,500 ரூபாய் ஆனது. முதல் கேபிள் போனபோதே தொட்டிக்கு அடியில் ஒரு முறை குனிந்திருந்தால் இந்தச் செலவே இல்லை.

கிராஸ் மாற்றிய அதே ஆண்டு, 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வந்து தெரு முழுக்க வெள்ளம். வண்டி இரண்டு நாள் பாதி முழுகி நின்றது. தண்ணீர் வடிந்ததும் நான் ஸ்டார்ட் செய்யவில்லை. ஆயில் போல்ட்டைத் திறந்தால் டீக்கடைப் பால் காபி நிறத்தில் கொழகொழவென்று வந்தது. இரண்டு முறை புது ஆயில் ஊற்றிக் கழுவி எடுத்த பிறகே ஓட்டினேன். புதுக் கிராஸ் பிழைத்தது.

கேபிள் கோளாறுக்கு வேலை என்று செய்தது மிகக் குறைவு. பழைய வடிகாலை அடைத்து, தொட்டியின் மறுமூலையில் புது ஓட்டை போட்டு, அதில் குழாய் மாட்டி ஒரு கேனில் விழச் செய்தோம். சாலையில் மீன் தண்ணீர் சொட்டி வசவு வாங்குவதும் நின்றது. கேபிளின் தொய்வைக் குறைத்து, மேலே ரப்பர் பட்டை ஒன்றை மறைப்பாகக் கட்டினார் பாய். வண்டியை நியூட்ரலில் வைத்து இரண்டு அட்ஜஸ்டர்களையும் சமமாக இறுக்கி, பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, கைப்பிடியின் எண்ணும் உள்ளே விழும் கியரும் ஒன்றுதானா என்று நான்கு கியரையும் பார்த்தார். இந்தக் கடைசிச் சோதனையை அதுவரை எந்த ஷெட்டிலும் எனக்குச் செய்ததில்லை. தடைக்காலத்தில் இப்போது வாரம் ஒரு முறை வண்டியை எடுத்து எல்லாக் கியரும் போட்டு எடுக்கிறேன்.

அதற்குப் பிறகு கேபிள் அறுந்ததே இல்லை. ஒரு முறை மட்டும் பழையதாகிவிட்டதே என்று நானாக மாற்றினேன். நின்ற இடத்தில் செகண்டிலிருந்து ஃபர்ஸ்ட் விழாமல் அடம்பிடிப்பது மட்டும் இன்னும் இருக்கிறது. வண்டியை ஒரு அடி முன்னே பின்னே அசைத்தால் விழுந்துவிடும். அது கோளாறு இல்லை, இந்த ஜாதி வண்டியின் குணம் என்கிறார் பாய். ஒப்புக்கொண்டுவிட்டேன்.

ரிவர்ஸ் லிவர் மட்டும் பத்து நாளாகக் கனமாக இருக்கிறது. குனிந்து பார்த்தேன். கேன் நிரம்பி வழியும்போது தண்ணீர் அந்தக் கேபிளின் மேல்தான் போகிறது. ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் முடியட்டும், திங்களன்று பெரிய கேன் ஒன்று வாங்க வேண்டும்.