நாய்ப் பயிற்சிக் குழு: சேரும் முன்பும் சேர்ந்த பின்பும்

சென்னையில் விடிகாலை மைதானங்களில் கூடும் பயிற்சிக் குழுக்களைப் பற்றியது இது. ‘சிட்’, ‘டவுன்’ சொல்லித்தர மட்டும் என்றால் குழுவே வேண்டாம், வீட்டு ஹால் போதும். காசு கொடுப்பது மற்ற நாய்கள் நடமாடும் இடத்துக்காக. அந்தச் சலசலப்பிலும் நம் நாய் நம்மைக் கவனிக்கப் பழக வேண்டும்.

அதனால் பணம் கட்டும் முன், நாயை வீட்டில் விட்டுவிட்டு ஒரு வகுப்பைப் போய்ப் பாருங்கள். புது நாயை ஓரமாக நிறுத்திப் பழக்குகிறார்களா, நேரே வரிசையில் நுழைக்கிறார்களா? ஒரு பயிற்சியாளரிடம் எத்தனை நாய்? ஆறேழைத் தாண்டினால் உங்கள் முறை வருவதற்குள் வகுப்பு முடிந்துவிடும். தடுப்பூசி அட்டை கேட்காத குழுவாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். குட்டிகளுக்கு உயிர்க்கொல்லி வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். தடுப்பூசிகள் முடியாத குட்டியை அங்கே தரையில் விடக் கூடாது. ஆனால் மடியில் வைத்துக்கொண்டு தூரத்திலிருந்து வேடிக்கை காட்டலாம், காட்டவும் வேண்டும். உலகத்தைப் பயமில்லாமல் ஏற்கும் பருவம் மூன்றரை மாதத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

கொண்டுபோக வேண்டியவை குறைவு: ஆறடி லீஷ் (பிடிகயிறு), தட்டையான காலர் அல்லது ஹார்னஸ் (மார்போடு கட்டும் பட்டை), தண்ணீர், தீனி. இழுக்க இழுக்க நீளும் சுருள் லீஷ் வேண்டாம். இழுத்தால் வழி கிடைக்கும் என்பதைத்தான் அது கற்றுத்தருகிறது. தீனிக்கு உப்பில்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி, பட்டாணி அளவுத் துண்டுகளாக. லேப்ரடார் என்றால் ஒரு வகுப்புக்கு நூறு கிராம் தாராளம். அன்றைய சாப்பாட்டில் அந்த அளவைக் குறைத்துவிடுங்கள். பிஸ்கட் சரிப்படாது. அதை மென்று முடிப்பதற்குள் எதற்காகக் கிடைத்தது என்பதே நாய்க்கு மறந்துவிடும்.

முதல் சில வாரங்களில் பெரும்பாலோர் தடுமாறுவது தூரத்தில்தான். நம் நாய் வாய் மூடி, உடம்பு விறைத்து, இன்னொரு நாயையே உற்றுப் பார்க்கிறது. கோழியை நீட்டினாலும் வாங்கவில்லை. இது அடமில்லை, மிக அருகில் வந்துவிட்டோம் என்று அர்த்தம். லீஷைச் சுண்டி இழுக்காமல் பின்வாங்குங்கள். பத்து மீட்டரோ இருபதோ, தீனியை வாங்கும் இடம் வரும்வரை. அங்கிருந்து வாரத்துக்கு ஓரிரு மீட்டர் நெருங்கினால் போதும். லீஷோடு மூக்கும் மூக்கும் உரசி ‘ஹலோ’ சொல்ல விடுவதைக் கட்டாயம் தவிருங்கள். லீஷ் இறுகினால் நாயால் விலகிப் போக முடியாது, சண்டை அங்கேதான் மூளும். மைதானத்துக்குள் தெருநாய்கள் வரத்தான் செய்யும். அந்த நேரத்தில் பயிற்சியை நிறுத்தி நாய்களை ஓரம் கட்டுகிற பயிற்சியாளர் நல்ல பயிற்சியாளர்.

‘ஸ்டே’, அதாவது சொல்லும்வரை இடத்தைவிட்டு அசையாமல் இருப்பது, குலைவதற்குக் காரணம் அவசரம். நேரம், தூரம், இடைஞ்சல் மூன்றில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். இரண்டடியில் முப்பது விநாடி நிற்கிற நாயை நாலடிக்குக் கொண்டுபோனால் மறுபடி ஐந்து விநாடியிலிருந்து தொடங்க வேண்டும்.

மைதானத்தில் சமர்த்தாக உட்காரும் நாய் வீட்டு கேட்டில் உட்காராது. ஒவ்வோர் இடமும் அதற்குப் புதுப் பாடம். கேட், மாடிப்படி, கடைத்தெரு என்று தினமும் ஐந்தைந்து நிமிடம், இரண்டு மூன்று தடவை செய்யாமல் வாரக் கடைசி வகுப்பை மட்டும் நம்பினால் கட்டணம் வீண். அப்பா ‘கம்’ என்றும் பாட்டி ‘வாடா கண்ணு’ என்றும் கூப்பிடும் வீட்டில் முதலில் மனிதர்கள் ஒரு சொல்லில் நிற்க வேண்டும். இதனால்தான் ‘இரண்டு மாதம் எங்களிடம் விட்டுவிடுங்கள்’ என்னும் திட்டங்கள் பெரிதாகப் பலன் தருவதில்லை.

ஏழெட்டு மாத வயதில் கற்றதெல்லாம் காற்றில் போனதுபோல் இருக்கும். வாலிபப் பருவம்தான், அப்போது குழுவை விடுபவர்களே அதிகம். விடாமல், பத்து மீட்டர் நீளக் கயிற்றைக் கட்டிக் கூப்பிட்டுப் பழக்குங்கள். வந்ததும் ஒவ்வொரு முறையும் லீஷைப் பூட்டி வீட்டுக்குக் கூட்டிப்போனால் அடுத்த முறை வராது. தீனி கொடுத்து மறுபடி விடுங்கள்.

பெண் நாய் ஹீட்டில் (இனச்சேர்க்கைப் பருவத்தில்) இருக்கும் சுமார் மூன்று வாரமும் வகுப்பு வேண்டாம். மார்ச் பிறந்துவிட்டால் ஆறு மணி வகுப்புதான், ஏழரைக்கு மேல் நிற்காதீர்கள். பக் மாதிரி முகம் சப்பிய நாய்களுக்கு அதுவே அதிகம். வீடு திரும்பியதும் காது மடிப்பிலும் விரலிடுக்கிலும் உண்ணி தேடிவிட்டுத்தான் மற்ற வேலை.