95 டிகிரியில் கொதிக்கும் ஊரில் ஒரு மெஸ்

ஏற்காட்டில் சாப்பிட்டுவிட்டு இறங்குகிறவர்கள் சொல்லும் குறைகள் பழசு: சாம்பாரில் பருப்பு முழுசு முழுசாகக் கிடந்தது, இட்லி கல்லாக இருந்தது. பாதிப் பழி சமையல்காரருக்கு, மீதி உயரத்துக்கு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் சூடு அதற்கு மேல் ஏறாது, தண்ணீர்தான் வற்றும்.

ஏரியைத் தாண்டிச் சேர்வராயன் கோயில் போகும் வழியில் இருக்கும் இந்தச் சின்ன மெஸ்ஸில் அதைத் தெரிந்து சமைக்கிறார்கள். பெயர்ப் பலகை இல்லை. கல்லாவுக்கு மேலே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் மட்டும் தொங்குகிறது. நடத்துகிறவர் மலைக்கிராமத்துப் பெண். கேட்டரிங் பட்டம் முடித்து, நட்சத்திர ஹோட்டல் கிச்சன்களில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அடுப்படியில் நிற்கும் ஐந்து பேரும் சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள்.

துவரம்பருப்பு அரை மணி நேரம் வெந்நீரில் ஊறிய பிறகுதான் குக்கருக்குப் போகிறது. சேலத்தில் வைப்பதைவிட இரண்டு விசில் கூடுதல். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் குக்கருக்குள்ளும் சூடு கொஞ்சம் குறைவுதான். புளியும் உப்பும் பருப்பு மசிந்த பிறகே. முதலிலேயே புளியை ஊற்றினால் பருப்பு விறைத்துக்கொண்டு மசியவே மசியாது. பல கடைகளில் நடக்கும் தப்பு இது.

இட்லிக்கு அரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு. மார்கழிக் குளிரில் மாவு வெளியில் இருந்தால் விடிந்தாலும் பொங்காது. அவசரத்துக்குச் சோடா உப்பைப் போட்டுச் சமாளிப்பார்கள். இட்லி மஞ்சளாகி ஒரு சோடா வாடை அடிக்கும். இங்கே மாவுப் பாத்திரத்தைத் தெர்மோகோல் பெட்டிக்குள் இறக்கி, பக்கத்தில் மூடிய வெந்நீர்ச் சட்டி ஒன்றை வைத்து மூடிவிடுகிறார்கள். பெட்டிக்குள் 28 முதல் 30 டிகிரி நின்றால் காலைக்குள் மாவு எழும்பிவிடும். வேக 15 நிமிடம். பத்து நிமிடத்தில் எடுத்தால் நடுவில் மாவு ஒட்டும்.

சொல்லிச் சாப்பிட வேண்டியது சாமைச் சோறு. சாமை மலைக் கிராமங்களில் விளைந்தது, நேராக வாங்குகிறார்கள். தவிடு போகத் தீட்டாத சாமை அதிக நாள் தாங்காது, தவிட்டு எண்ணெய் காறல் வாடை கிளப்பும். அதனால் ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்குவதில்லை. இரண்டு தடவை அரித்துக் கல் நீக்கி, ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் விட்டு, வெந்ததும் கிளறாமல் பத்து நிமிடம் மூடி வைக்கிறார்கள். உடனே கரண்டியை விட்டால் கூழ்தான். பரிமாறும்போது உதிரியாக இருக்கிறது, பருப்புக் கடைசலுக்கு எடுப்பாகச் சேர்கிறது.

செவ்வாய்க்கிழமை மெஸ் விடுமுறை. அன்றைக்கு அதே அடுப்படியில் சுய உதவிக்குழுப் பெண்களுக்கு வகுப்பு, கட்டணம் இல்லை. கல்லூரியில் கிராமில் படித்த அளவையெல்லாம் டம்ளருக்கு மாற்றித் தமிழில் அட்டை எழுதி வைத்திருக்கிறார். 50 பேர் சாம்பாருக்கு எத்தனை டம்ளர் பருப்பு, பொரித்த எண்ணெயை எப்போது கொட்ட வேண்டும், சமைத்ததை 60 டிகிரிக்குக் கீழே இறங்கவிடாமல் வைப்பது எப்படி என்று எல்லாம் அட்டையில் உண்டு. இந்த அட்டைகளுக்காகவே இந்த மெஸ்ஸைப் பாராட்டலாம். ஆனால் வகுப்பு முடித்தவர்களுக்குக் கையெழுத்துத் தாள்தான் கிடைக்கிறது. வெளியே வேலை கேட்டுப் போனால் அதற்கு மதிப்பில்லை. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபாஸ்டாக் (FoSTaC) என்ற உணவுப் பாதுகாப்புப் பயிற்சிக்கும் அவர்களை அனுப்பினால் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும்.

பருப்பைப் படுத்தும் அதே 95 டிகிரி காபிக்கு வரம். டிகாக்ஷனுக்குத் தண்ணீரை ஆறவைக்க வேண்டியதே இல்லை, கொதித்ததும் ஊற்றலாம். சேர்வராயன் மலை அரபிகா, சிக்கரி கிடையாது. அதனால் டிகாக்ஷன் தண்ணியாகத் தெரியும். சிக்கரிக்குப் பழகிய நாக்கு ஏமாறும். பாலைக் குறைத்துக் கேளுங்கள்.

சாயங்காலம் தட்டுவடை செட் உண்டு, இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் காய்த் துருவலும் வைத்த சேலத்துத் தின்பண்டம். மூட்டத்தில் தட்டுவடை ஒரு மணி நேரத்தில் நமுத்துவிடும் என்பதால் வெறும் வாணலியில் இரண்டு நிமிடம் சூடு காட்டியே அடுக்குகிறார்கள். பீட்ரூட் துருவலைப் பிழிந்துதான் வைக்கிறார்கள். பச்சைச் சட்னிதான் புளிப்பு தூக்கல், சேலம் டவுன் ருசிக்கு இன்னும் வரவில்லை.

ஞாயிறு மதியம் மட்டும் போகாதீர்கள். கூட்டம் நெருக்கும்போது ஊறாத பருப்பு குக்கருக்குப் போகிறது, சாம்பாரில் உடனே தெரிந்துவிடும். சூடு காக்கும் பெட்டியும் ஒன்றுதான், பொரியல் ஆறிப்போய் வரும். வார நாளில் பன்னிரண்டரைக்குள் போனால் முதல் ஈடு சாமைச் சோறு கிடைக்கும்.