எச்சரிக்கை: பச்சை இகுவானாவுக்கு இணையத்தில் முன்பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வசிக்கும் நான், விலங்கியல் படிக்கும் என் மகள் இரண்டாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த பச்சை இகுவானா என்னும் பெரிய பல்லி வகையின் குட்டி ஒன்றைக் கடந்த தை மாதம் சமூக வலைத்தளம் வழியாக வாங்கினேன். தன்னை ‘பிரீடர்’, அதாவது குஞ்சு பொரிக்கவைத்து விற்கும் வளர்ப்பாளர், என்று சொல்லிக்கொண்ட சென்னைக்காரர் ஒருவருக்கு விலையாக ரூ. 9,500, பேருந்தில் அனுப்பும் கூலியாக ரூ. 1,200 என இரண்டையும் முன்கூட்டியே செலுத்தினேன். அவருடைய பெயரை எழுதவில்லை. பெயர் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை என்பது பின்னர்தான் எனக்குத் தெரிந்தது.

நீலத் தரை ஓட்டின் மேல் தலையை நிமிர்த்தி நின்ற, பளிச்சென்ற பச்சை நிறக் குட்டியின் படத்தை அவர் அனுப்பினார். நேரலைக் காணொளியில் காட்டச் சொன்னபோது, “வெளியில் இருக்கேன் அண்ணா, பேப்பர் எல்லாம் பக்காவா இருக்கு, பயப்படாதீங்க” என்று எழுதி, முத்திரையிட்ட ஒரு சான்றிதழின் மங்கலான படத்தையும் சேர்த்து அனுப்பினார். அதோடு, வீட்டில் செல்வம் சேரும் என்று கூறி, மூவாயிரம் ரூபாய்க்கு நட்சத்திர ஆமை ஒன்றும் வேண்டுமா என்று கேட்டார். நட்சத்திர ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள நம் நாட்டு உயிரினம். அதை விற்பதற்கும் வாங்குவதற்கும் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை உண்டு. ஆமை வேண்டாம் என்று மறுத்த நான், அப்படிப்பட்ட ஒருவரிடம் இகுவானாவை மட்டும் எதற்காக வாங்கினேன் என்பதற்கு என்னிடம் இன்றுவரை நேர்மையான பதில் இல்லை.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு இந்திரா காந்தி சிலைச் சந்திப்பில் நின்ற பேருந்தின் அடிப்பெட்டியிலிருந்து, பேனாவால் குத்திய நான்கு ஓட்டைகளோடு ஒரு செருப்புப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார்கள். உள்ளே ஈரச் செய்தித்தாளின் மேல் கிடந்தது படத்தில் இருந்த குட்டி அன்று. நிறம் சாம்பல் கலந்த பழுப்பு. வால்நுனி கருத்து உலர்ந்திருந்தது. பின்னங்கால்கள் விடாமல் நடுங்கின. குளிர்தான் காரணம் என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க, “அப்பா, தாடையைத் தொட்டுப் பாருங்க” என்றாள் மகள். எலும்பாக இருக்க வேண்டிய தாடை, முருங்கைப் பிஞ்சைப் போல விரலுக்கு வளைந்துகொடுத்தது.

அன்று காலையே குரும்பாபேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசென்றோம். எக்ஸ்ரே படத்தில் எலும்புகள் பின்னணியிலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்கு வெளிறியிருந்தன. சுண்ணாம்புச் சத்துக் குறைவாலும், யுவிபி என்னும் புற ஊதாக் கதிர் கிடைக்காததாலும் வளர்ப்பு ஊர்வனவற்றுக்கு வரும் எலும்பு நோய் இது என்றும், ஒரே நாளில் வருவதன்று, பல வாரங்களாக முற்றியது என்றும் மருத்துவர் விளக்கினார். தோலில் அந்தக் கதிர் பட்டால்தான் உடலில் வைட்டமின் டி3 உருவாகும்; அது இல்லாவிட்டால் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து ஊட்டினாலும் எலும்பில் சேராது. கண்ணாடி ஜன்னல் வழியாக விழும் வெயில் இதற்கு உதவாது, ஏனெனில் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும். விற்றவரோ இருட்டறையில் வைத்து, தாவர உண்ணியான அந்த உயிருக்கு வெள்ளரிக்காயை மட்டுமே கொடுத்து வந்திருக்கிறார். எக்ஸ்ரேயை அனுப்பியபோது அவரே எழுதிய வரி இது: “பஸ்ஸில் குலுங்கியிருக்கும் அண்ணா, வழக்கம்போல வெள்ளரிக்காய் கொடுங்க, சரியாகிடும்.” மறுநாள் என் எண்ணை முடக்கிவிட்டார்.

அதன் பிறகுதான் அந்தச் சான்றிதழைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உரிமையாளரின் பெயர் பட்டை போட்டு மறைக்கப்பட்டிருந்தது. உயிரினத்தின் இடத்தில் ‘பால் பைத்தான்’ என்றிருந்தது. ஒரு மலைப்பாம்பின் தாளைக் காட்டி எனக்கு இகுவானாவை விற்றிருக்கிறார்.

இந்த இடத்தில் சட்டம் தெரிந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். பச்சை இகுவானா மத்திய, தென் அமெரிக்க நாடுகளைச் சேர்ந்ததாயினும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், 2022இல் திருத்தப்பட்ட நமது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வருகிறது. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, இத்தகைய உயிரினத்தைப் பெற்ற 30 நாட்களுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், கைமாறினாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். ஆகவே உண்மையான வளர்ப்பாளரிடம் தாய் தந்தையின் பதிவும், குஞ்சு பிறந்த விவரமும் இருக்கும். உங்கள் பெயருக்கு மாற்றித் தருவதிலும் அவருக்குத் தயக்கம் இராது. அவற்றைப் பெயர் மறைக்காமல் கேளுங்கள். குட்டி கீரை தின்பதை அன்றைய தேதி எழுதிய தாளோடு காணொளியில் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் நேரில் போய் வாங்குங்கள். சென்னைக்கும் நமக்கும் இடையே நான்கு மணி நேரப் பயணம்தான்.

இணைய மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணில் புகார் செய்தேன், ஆனால் பதினோரு நாள் கழித்து. பணம் கைமாறிப் போவதற்குள் அழைத்திருந்தால் நிறுத்திவைக்க வாய்ப்பு இருந்திருக்கும். வனத்துறைக்கும் எழுத்துமூலம் தெரிவித்திருக்கிறேன். குட்டி, யுவிபி விளக்கின் கீழ் முருங்கைக் கீரையும் செம்பருத்தி இலையும் தின்று இருபத்திரண்டு நாட்கள் மட்டும் உயிரோடு இருந்தது.

சென்ற வாரம் வேறொரு பெயரில், வேறொரு கணக்கில், நீலத் தரை ஓட்டின் மேல் தலை நிமிர்த்தி நிற்கும் அதே படத்தைப் பார்த்தேன். இம்முறை விலை ரூ. 8,000.