இமை ஆபரேஷனுக்குப் பின் கண் வறட்சி: ஹைலோ-கோமோட் சொட்டும் ஹைலோ நைட் களிம்பும்

தொங்கும் மேல் இமையைச் சரிசெய்யவும் கண்ணுக்குக் கீழே உள்ள பையை எடுக்கவும் செய்யும் பிளெஃபரோபிளாஸ்டி முடிந்த சில நாட்களில், பலருக்குக் கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தத் தொடங்கும். சிலருக்கு எரிச்சல், சிலருக்குக் கண்ணீர் கொட்டும். கண்ணீர் வருகிறதே, வறட்சி எப்படி என்று கேட்பார்கள். உலர்ந்த கருவிழி தாங்க முடியாமல் கூப்பிட்டு வரவழைக்கும் கண்ணீர் அது. அது வழிந்து ஓடிவிடும், கண்ணில் படலமாகத் தங்காது. ஒரே மருத்துவர் 10 ஆண்டுகளில் செய்த 892 இமை ஆபரேஷன்களை ஆராய்ந்து 2013-இல் வெளியான கட்டுரையில், கண் வறட்சி அறிகுறிகள் இருந்தவர்கள் 26.5 சதவீதம். நாலில் ஒருவருக்கு வரக்கூடியது என்றால் சொட்டு மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் அலட்சியம் கூடாது.

ஜெர்மனியின் உர்சாஃபார்ம் நிறுவனம் தயாரிக்கும் ஹைலோ-கோமோட் இந்த வேலைக்குப் பொருத்தமானது. 10 மில்லி பாட்டில், ஈரத்தைப் பிடித்து வைக்கும் சோடியம் ஹையலூரோனேட் 0.1 சதவீதம். பிரிட்டனில் இதே மருந்து ஹைலோ-டியர் என்ற பெயரில் விற்கிறது. ஊருக்கு ஊர் பெயர் மாறுவதால் பெட்டியில் உள்ள சதவீதத்தைப் பார்த்து வாங்குங்கள்.

இதன் முதல் சிறப்பு, பிரிசர்வேட்டிவ், அதாவது கிருமி வளராமல் தடுக்கும் ரசாயனம், இல்லை என்பது. மலிவான சொட்டுகள் பலவற்றில் பென்சால்கோனியம் குளோரைடு என்ற பிரிசர்வேட்டிவ் இருக்கும். ஒரு நாளைக்கு ஓரிரு தடவை போட்டால் பெரும்பாலோருக்குத் தொந்தரவில்லை. ஆனால் இமை ஆபரேஷன் ஆனவர் ஆறு, எட்டு தடவை போட வேண்டியிருக்கும். அத்தனை தடவை போட்டால் அந்த ரசாயனமே கருவிழியின் மேல்தோலை அரிக்கும். எரிகிறதே என்று இன்னும் கூட்டிப் போடுவார்கள், எரிச்சலும் கூடும்.

பிரிசர்வேட்டிவ் இல்லாத மருந்தைச் சாதாரண பாட்டிலில் அடைத்தால் கிருமி புகும். 2023-இல் அமெரிக்காவில் அது எவ்வளவு கோரமாக முடிந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது, ஏனென்றால் அந்தச் செயற்கைக் கண்ணீர் தயாரானது சென்னைக்கு அருகே உள்ள ஆலையில். சூடோமோனாஸ் கிருமித் தொற்று 18 மாநிலங்களில் 81 பேருக்குப் பரவியது. 4 பேர் இறந்தார்கள், 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. கோமோட் பாட்டிலில் மருந்து வெளியேறும்போது வெளிக்காற்று உள்ளே போகாதபடி பம்ப் அமைத்திருக்கிறார்கள். அதனால்தான் திறந்த பிறகு 6 மாதம் வரை வைத்துப் பயன்படுத்த முடிகிறது. இன்னொன்று, இதில் பாஸ்பேட் இல்லை. கருவிழி ஏற்கெனவே மோசமாகச் சிதைந்திருந்தவர்களில் மிகச் சிலருக்கு, பாஸ்பேட் கலந்த சொட்டால் கால்சியம் படிந்து வெண்திட்டு விழுந்ததுண்டு.

கணக்கு இப்படி: ஒரு பாட்டிலில் சுமார் 300 சொட்டு. இரண்டு கண்ணுக்கும் ஆறு தடவை என்றால் நாளைக்கு 12 சொட்டு, 25 நாளில் தீரும். வறட்சி பொதுவாகச் சில வாரங்களிலிருந்து இரண்டு, மூன்று மாதத்துக்குள் அடங்கும் என்பதால் மூன்று பாட்டிலுக்குத் தயாராக இருங்கள்.

குறையும் உண்டு. பம்ப் கடினம். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் ஒரே மூச்சில் அழுத்த வேண்டும். மெதுவாக அழுத்தினால் சொட்டு சரியாக விழாது. புதுப் பாட்டிலில் முதல் சொட்டு எட்டிப் பார்ப்பதற்கே பல தடவை அழுத்த வேண்டியிருக்கும். அது பழுது அல்ல. விரல் மூட்டு வலி உள்ள பெரியவர்களுக்கு வேறொருவர் போட்டுவிடுவதே நல்லது. மருந்து எவ்வளவு மிச்சம் என்று வெளியிலிருந்து தெரியாது.

பெட்டிக்குள் இருக்கும் தாளில் கீழ் இமையை லேசாக இழுத்துப் பிடித்துச் சொட்டு விடச் சொல்வார்கள். கீழ் இமையில் தையல் இருக்கும்போது அதைச் செய்யாதீர்கள். இழுத்தால் ஆறிவரும் இமை கீழே இறங்கி வெளிப்பக்கம் மடங்கக்கூடும். கை கழுவிவிட்டு மல்லாந்து படுங்கள். கண்ணை மூடி, மூக்கோரக் கண்முனையைச் சுத்தமான ஈரத் துணியால் ஒற்றியெடுங்கள். மூடிய நிலையிலேயே அந்தக் குழியில் ஒரு சொட்டு விட்டு, மெல்லக் கண்ணைத் திறங்கள். சொட்டு தானாக உள்ளே இறங்கும். பாட்டில் முனை இமைமுடியில் படக் கூடாது. இரண்டு சொட்டாக விட்டால் கன்னத்தில் வழியும், அவ்வளவுதான். வேறு ஆன்டிபயாடிக் சொட்டும் இருந்தால் ஐந்து நிமிடமாவது இடைவெளி விடுங்கள்.

இந்தச் சொட்டால் முடியாத ஒரு வேலை இருக்கிறது. ஹையலூரோனேட் இமைக்கும்போது இளகிப் பரவும், திறந்திருக்கும்போது கெட்டியாகி நிற்கும். அதைப் பரப்புவது இமைதான். இந்த ஆபரேஷனில் தோலும், சில சமயம் இமையை மூடும் வளையத் தசையின் ஒரு கீற்றும் எடுக்கப்படும். வீக்கமும் சேர்ந்தால் மேல் இமை முழுதாக இறங்காது, முக்கால் தூரம் வந்து திரும்பிவிடும். கருவிழியின் கீழ்ப்பகுதி காய்வது அதனால்தான். தூக்கத்தில் இன்னும் மோசம், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் திறந்தே கிடக்கலாம். வீட்டில் யாரையாவது நள்ளிரவில் மெல்லிய வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் எழும்போது எரிச்சல் அதிகமென்றால் இமை மூடாத கோளாறாக இருக்கலாம். மாலை ஆக ஆகக் கூடினால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிறது என்று சந்தேகிக்கலாம்.

காலை எரிச்சலுக்கு ஹைலோ நைட் தேவைப்படும். முன்பு விட்டா-போஸ் என்ற பெயரில் வந்த 5 கிராம் களிம்பு இது. வைட்டமின் ஏ, வெள்ளை பெட்ரோலேட்டம், பாரஃபின், கம்பளிக் கொழுப்பு சேர்ந்தது. படுக்கும் முன் கடைசியாக, அரை சென்டிமீட்டர் நீளம் போதும். சொட்டு முதலில், களிம்பு பிறகு. மாற்றிப் போட்டால் எண்ணெய்ப் பசை மேல் தண்ணீர் ஒட்டாது. போட்டதும் பார்வை மங்கும், எனவே கழிப்பறைக்குப் போய்வந்த பிறகே போடுங்கள். கம்பளிக் கொழுப்பு, அதாவது லானோலின் ஒவ்வாதவர்கள் இதைத் தொடக் கூடாது. களிம்பு இருக்கும்போது கான்டாக்ட் லென்ஸும் கூடாது. மின்விசிறி முகத்துக்கு நேரே சுழன்றால் எந்தக் களிம்பும் பாதிதான் வேலை செய்யும்.

கண் சிவந்திருக்கிறதே என்று நாஃபசோலின் கலந்த, சிவப்பைப் போக்கும் சொட்டை வாங்காதீர்கள். ரத்தக் குழாயைச் சுருக்கி வெளுப்பாகக் காட்டும், போடுவதை நிறுத்தியதும் சிவப்பு திரும்ப வரும், வறட்சி அப்படியே இருக்கும். ஸ்டீராய்டு சொட்டு கண் அழுத்தத்தை ஏற்றக்கூடியது. மருத்துவர் எழுதித் தராமல் வேண்டாம்.

ஆபரேஷன் ஆன முதல் ஓரிரு நாளில் ஒரு கண் மட்டும் கடுமையாக வலித்து, பிதுங்கி, பார்வை குறைந்தால் அது வறட்சி அல்ல. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்து நரம்பை அழுத்தலாம். அரிதுதான், ஆனால் சொட்டு போட்டுக் காத்திருக்க நேரமில்லை, அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போங்கள். கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலும், வெளிச்சமே பார்க்க முடியாமல் கூசினாலும் அன்றே காட்ட வேண்டும்.

இன்னும் ஆபரேஷன் ஆகாதவர்கள் ஷிர்மர் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். கீழ் இமையில் காகிதப் பட்டை வைத்து ஐந்து நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பார்கள். 5 மில்லிமீட்டருக்கும் குறைவென்றால் வறட்சி ஏற்கெனவே கடுமை, எவ்வளவு தோல் எடுப்பது என்பதை மருத்துவர் மறுபடி யோசிக்க வேண்டிய நிலை. பாட்டிலையும் முன்பே வாங்கி, படுத்துக்கொண்டு கண்முனையில் சொட்டு விட்டுப் பழகுங்கள். வீங்கிய இமையோடு முதன்முதலாக அந்தப் பம்பை அழுத்திப் பார்ப்பது சிரமம்.