பழைய குற்றமா, புதுப் பொய்யா: அமெரிக்க செக்யூரிட்டி கிளியரன்ஸை எது கெடுக்கும்?

அமெரிக்காவில் ரகசியக் கோப்புகளைத் தொடும் வேலைக்கு அரசு தரும் அனுமதிதான் செக்யூரிட்டி கிளியரன்ஸ். அதைப் பெற எஸ்எஃப்-86 படிவத்தை நிரப்பியாக வேண்டும். நூறு பக்கத்தைத் தாண்டும் அந்தப் படிவத்தில் பலரும் தயங்குவது 22, 23ஆம் பிரிவுகளில்தான். முன்னது போலீஸ் வழக்கு, பின்னது போதைப்பொருள். பழைய கதையை எழுதுவதா, சத்தமில்லாமல் விட்டுவிடுவதா?

முதலில், எழுதினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 2017 ஜூனிலிருந்து நடப்பில் உள்ள விதிகளில் 13 அளவுகோல்கள் உண்டு. குற்றச் செயலுக்கானது 'ஜே'. எத்தனை வருடம் ஆனது, மறுபடி நடக்குமா, ஆள் திருந்தியிருக்கிறாரா என்றெல்லாம் அது பார்க்கச் சொல்கிறது. கல்லூரி வயதில் கடையில் திருடி மாட்டியவர் அதன்பின் ஐந்து வருடம் ஒழுங்காக வேலை பார்த்திருந்தால், தன் பக்கம் பேச அவருக்கு நிறைய இருக்கிறது.

அதே திருட்டை மறைத்தால் விஷயம் 'இ' என்ற அளவுகோலுக்குப் போகிறது. அது நேர்மையைப் பற்றியது. கைரேகையை எஃப்பிஐ பதிவுகளோடு ஒப்பிட்டால் பழைய கைது வெளியே வந்துவிடும். அப்போது திருட்டுக்கு வயது ஐந்து, பொய்க்கு வயது சில மாதம். காலம் கடந்துவிட்டது என்ற வாதம் பொய்க்குச் செல்லாது. போதாக்குறைக்கு, அரசுப் படிவத்தில் தெரிந்தே பொய் எழுதுவது ஐந்து வருடம் வரை சிறைக்கு வழிவைக்கும் தனிக் குற்றம். சின்னத் திருட்டை மறைக்க இவ்வளவு பெரிய விலையா?

சரி, எழுதாமல் விட்டாயிற்று, இப்போது உறுத்துகிறது என்றால்? அதற்கும் வழி உண்டு. விசாரணை அதிகாரி ஆதாரத்தை எடுத்துக் காட்டுவதற்கு முன்பே, தாமதிக்காமல் தானாகத் திருத்தினால் அது சாதகமாகக் கணக்கில் வரும். அவர் காகிதத்தை மேசையில் வைத்த பிறகு "ஓ, அதுவா!" என்றால் அந்தச் சலுகை போச்சு.

பொய் சொல்லும் எண்ணமே இல்லாதவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: கடந்த ஏழு வருடத்தில் நடந்ததை மட்டும் எழுதினால் போதும் என்ற கணக்கு. சாதாரணக் கைதுகளுக்கு அது சரி. பெருங்குற்றம், துப்பாக்கி, மது, போதைப்பொருள் தொடர்பான குற்றச்சாட்டுகளுக்குக் காலவரம்பே கிடையாது. இருபது வயதில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பதிவான வழக்கை நாற்பத்தைந்திலும் எழுத வேண்டும். கோர்ட்டே பதிவை அழித்துவிட்டது என்பதும் பெரும்பாலும் எடுபடாது. கூட்டரசு போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்த சில தண்டனைகளுக்கு மட்டுமே விலக்கு.

அதற்காக, உண்மையைச் சொன்னால் எல்லாம் கிடைத்துவிடும் என்றும் இல்லை. குற்றத்துக்காக ஒரு வருடத்துக்கு மேல் தண்டிக்கப்பட்டு, அதில் ஒரு வருடமாவது உள்ளே இருந்தவருக்கு மிக உயர்நிலை ரகசியங்களைப் பார்க்கும் அனுமதி, சிறப்பு விலக்கு இல்லாமல் கிடையாது. இப்போதும் கஞ்சா புகைப்பவர் எவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொண்டாலும் பயனில்லை. அவர் வசிக்கும் மாநிலம் அனுமதித்திருக்கலாம். கிளியரன்ஸ் தருவது கூட்டரசு, அதன் சட்டத்தில் அது இன்னும் குற்றம்.