நீரிழிவுப் பாடத்துக்கு ஆன்கி: வார்டிலிருந்து இறுதித் தேர்வு வரை

மூன்றாம் ஆண்டில் வார்டுக்குள் நுழைந்ததிலிருந்து இறுதித் தேர்வு வரை நான் விடாமல் பயன்படுத்திய நினைவு அட்டைச் செயலி ஆன்கி. படிப்பை முடித்து ஹவுஸ் ஆபிசர் என்ற இளநிலை மருத்துவராகிவிட்ட பிறகும் போனிலிருந்து அதை எடுக்கவில்லை. எல்லாப் பாடங்களுக்கும் அட்டைகள் வைத்திருந்தேன் என்றாலும் இங்கே நீரிழிவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சிங்கப்பூரில் மருத்துவம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளில் பலரும் இந்த நோயை முதலில் பார்த்தது பாட்டியின் மாத்திரை டப்பாவில்தான். 60 வயதைக் கடந்த சிங்கப்பூரர்களில் பத்தில் மூவருக்கு நீரிழிவு, அதே வயது இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்கு என்று 2017 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னார். நம் வீட்டு நோய் இது. இதைத் தேர்வுக்காக மட்டும் படித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அட்டையின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். பதிலைப் பார்த்ததும் நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். அதை வைத்து, அந்த அட்டையை நாளைக்குக் காட்டுவதா, அடுத்த மாதம் காட்டுவதா என்று செயலியே முடிவு செய்யும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனுக்கு ஒருமுறை காசு கட்ட வேண்டும். 2023 இறுதியில் அட்டையை எப்போது மறப்போம் என்று கணிக்கும் எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய முறை செயலிக்குள்ளேயே வந்துவிட்டது. அதைப் போட்டுக்கொள்ளுங்கள், நினைவு இலக்கை 0.90இலேயே, அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு நினைவில் இருந்தால் போதும் என்று, விட்டுவிடுங்கள். தேர்வு நெருங்குகிறதே என்று 0.95க்கு ஏற்றினால் தினமும் வரும் அட்டைகள் குவிந்து, வார்டுக்குப் போக நேரம் இருக்காது. மறந்துபோன அட்டைக்கு ‘ஹார்டு’ அழுத்தும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. மறந்தால் ‘அகெய்ன்’தான். ‘ஹார்டு’ என்றால் கஷ்டப்பட்டாவது நினைவுக்கு வந்தது என்று செயலி எடுத்துக்கொள்ளும், பிறகு கணக்கே தப்பாகிவிடும்.

எண்கள், மருந்துகள், விதிவிலக்குகள் என்று வந்துவிட்டால் ஆன்கியை மிஞ்ச ஒன்றுமில்லை. சிறுநீரக வடிகட்டும் திறன் 30க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்த வேண்டும். முதல் வகை நீரிழிவு என்றால் நோய் கண்டு ஐந்து ஆண்டுக்குள் கண் பரிசோதனை, இரண்டாம் வகை என்றால் நோய் தெரிந்த உடனேயே. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 மருந்து எடுப்பவருக்கு ரத்தச் சர்க்கரை அவ்வளவாக ஏறாமலேயே, ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் என்ற ஆபத்து வரலாம். இவையெல்லாம் படித்த அன்று எளிதாகத் தோன்றி, ஆறு வாரத்தில் காணாமல் போகும் விஷயங்கள். மூன்றாம் ஆண்டில் போட்ட அட்டை ஐந்தாம் ஆண்டிலும் வந்து கதவைத் தட்டியது. இறுதித் தேர்வுக்கு முன் நீரிழிவை முதலிலிருந்து படிக்கத் தேவையே இருக்கவில்லை.

அட்டைகள் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் கவனிக்க வேண்டியது. சீனியர்கள் கைமாற்றிக்கொடுக்கும் பெரிய தொகுப்புகளில் பாதிக்கு மேல் அமெரிக்கத் தேர்வுக்காகச் செய்தவை. அங்கே சர்க்கரை மில்லிகிராமில் இருக்கும், இங்கே ஆய்வகமும் குளுக்கோமீட்டரும் மில்லிமோலில் காட்டும். அங்கே 126 என்பது இங்கே 7.0, அங்கே 200 இங்கே 11.1. பதினெட்டால் வகுத்தால் ஆயிற்று, அது சின்ன வேலை. சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனை அப்படியில்லை. அமெரிக்க அட்டை 6.5 விழுக்காடு என்றாலே நீரிழிவு என்று சொல்லும். சிங்கப்பூர் வழிகாட்டுதலில் 7.0உம் அதற்கு மேலும் இருந்தால்தான் நீரிழிவு. 6.1 முதல் 6.9 வரை என்றால் வெறும் வயிற்றுச் சர்க்கரையோ குளுக்கோஸ் கொடுத்துச் செய்யும் சோதனையோ பார்த்து உறுதி செய்ய வேண்டும். உடல் எடைக் குறியீட்டிலும் நமக்கு 23இலேயே எச்சரிக்கை தொடங்குகிறது, அந்த அட்டைகளில் 25. இவற்றைத் திருத்தாமல் ஒப்பித்தால் தப்பான விடைதான் நன்றாக மனப்பாடம் ஆகும்.

அதற்காக மில்லிகிராமைத் தூக்கி எறிந்துவிடவும் முடியாது. ஊரிலிருந்து வந்து இங்கே கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் அண்ணன்மார் “சுகர் 250 இருந்துச்சுன்னு ஊர்ல சொன்னாங்க டாக்டர்” என்றுதான் சொல்வார்கள். அது 14ஐ ஒட்டிய அளவு என்று உடனே மனதில் ஓட வேண்டும். நான் 72க்கு 4, 126க்கு 7, 180க்கு 10, 250க்கு 14 என்று நாலே அட்டை போட்டுவைத்தேன். வார்டில் அன்றாடம் உதவியவை அவைதான்.

இறக்கிய தொகுப்புகளில் அறவே இல்லாதது நோன்பு. ரமலானில் நம் முஸ்லிம் நோயாளிகள் கேட்கும் கேள்விகளுக்கு நானே அட்டை எழுத வேண்டியிருந்தது. தினம் ஒருமுறை கிளிக்லசைடு மாத்திரை எடுப்பவர் அதை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொள்வது, விரலைக் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்று எடுத்துச் சொல்வது, சர்க்கரை 3.9க்குக் கீழே இறங்கினாலோ 16.6க்கு மேலே ஏறினாலோ நோன்பை விட்டுவிடச் சொல்வது. தேர்வில் வருமா என்று தோழி கேட்டாள். வராவிட்டாலும் கிளினிக்கில் வரும்.

நான் எழுதிய அட்டைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது, வார்டில் ஒரு நர்ஸ் அக்கா கற்றுக்கொடுத்தது. பல ஆண்டாக இன்சுலின் போடும் ஓர் ஆன்ட்டிக்குச் சர்க்கரை ஒருநாள் 18, மறுநாள் 5 என்று தாறுமாறாகப் போய்க்கொண்டிருந்தது. அளவைக் கூட்டுவதா, மருந்தை மாற்றுவதா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அக்கா திரையை இழுத்துவிட்டு, “எங்க ஊசி போடுறீங்க ஆன்ட்டி, காட்டுங்க” என்றார். தொப்புளுக்கு வலப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலால் தடவினால் தோலுக்கடியில் ரப்பர் மாதிரி கெட்டியாக இருந்தது. “இங்கதான்மா, இந்த இடத்துல மட்டும் வலிக்காது” என்றார் ஆன்ட்டி. வலிக்காது என்பதாலேயே திரும்பத் திரும்ப அங்கேயே குத்தியிருக்கிறார். கொழுப்பு தடித்துப்போன அந்த இடத்தில் இன்சுலின் ஒரு நாள் போல ஒரு நாள் உறிஞ்சப்படாது. இடத்தை மாற்றும்போது அதே அளவைப் போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், அளவைக் குறைத்துத்தான் தொடங்க வேண்டும்.

அன்று மாலை எம்ஆர்டி ரயிலில் வரும்போதே அட்டையை எழுதிவிட்டேன். முன்பக்கம்: இன்சுலின் அளவைக் கூட்டும் முன் கையால் எதைத் தொட்டுப் பார்ப்பாய், ஏன்? பின்பக்கம்: ஊசி போடும் இடம், அதற்கான காரணம், இடம் மாறினால் என்ன செய்வது. இந்த அட்டை வரும்போதெல்லாம் விரல் நுனியில் அந்தக் கெட்டித்தன்மையே நினைவுக்கு வரும். தொகுப்பிலிருந்து இறக்கிய எந்த அட்டையும் எனக்கு இதைச் செய்ததில்லை. தினமும் ஒரு நோயாளியிடமிருந்து ஓர் அட்டையாவது எழுதுங்கள் என்று ஜூனியர்களிடம் நான் வற்புறுத்துவது இதனால்தான். பெயர், படுக்கை எண் எதுவும் அட்டையில் வரக்கூடாது.

ஆன்கியால் முடியாததும் உண்டு. செய்முறைத் தேர்வில் எதிரே ஒருவர் உட்கார்ந்திருப்பார், அவரிடம் பேச வேண்டும். “டீயில சீனியே போடமாட்டேன்” என்று அவர் சொன்னால் அடுத்த கேள்வி என்ன? கோப்பிக் கடையில் வெறும் ‘தே’ என்று கேட்டாலே இனிப்பான டின் பால் ஊற்றித் தருவார்கள். ‘தே ஓ கோசோங்’ என்றால்தான் பாலும் இல்லை, சீனியும் இல்லை. எந்த டீ என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். அட்டையில் இதை எழுதலாம், ஆனால் கேட்கும் தொனி வராது. பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று 10 கிராம் இழையை வைத்துப் பார்ப்பதும் அப்படித்தான். நோயாளி கண்ணை மூடியிருக்க வேண்டும், இழை வளையும் அளவுக்கு அழுத்த வேண்டும், “இப்ப தெரியுதா” என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக் காட்டிக்கொடுக்கக் கூடாது. இதைக் கை பழக வேண்டும். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, ஒருவர் அட்டையை வாசிக்க, மற்றவர் நோயாளியாக உட்கார, இன்னொருவர் வாய்விட்டுப் பதில் சொல்வதாகப் பழகினோம். ஒரே ஆளாக உட்கார்ந்து பொத்தானை அழுத்துவதைவிட இதற்குப் பலன் அதிகம்.

எட்டு முறை மறந்த அட்டையைச் செயலி தானே நிறுத்திவைக்கும்படி வைத்திருந்தேன். அப்படி நின்றுபோனவற்றைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே அட்டையில் ஐந்து விஷயம் திணித்திருக்கும். தாலசீமியா, ரத்தமேற்றல், இரும்புச்சத்துக் குறைவு ஆகியவை ஹெச்பிஏ1சியை எப்படி ஏமாற்றும் என்ற அட்டை என்னிடம் அப்படித்தான் நின்றது. மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ‘ஏன்’ என்று சேர்த்த பிறகு பிரச்சினையே இல்லை.

ஒவ்வொரு அட்டையின் அடியிலும் எந்த வழிகாட்டுதல், எந்த ஆண்டு என்று ஒரு வரி எழுதிவையுங்கள். நீரிழிவு மருத்துவம் வேகமாக மாறுகிறது. 2015இல் எம்பா-ரெக் ஆய்வு வந்த பிறகு, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் எஸ்ஜிஎல்டி2 மருந்துகள் செய்யும் நன்மையைப் பார்த்து மருந்து தேர்ந்தெடுக்கும் முறையே மாறிவிட்டது. அதற்கு முந்தைய அட்டைகள் இன்னும் தொகுப்புகளில் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

வேலைக்கு வந்ததும் தேர்வுக்கான அட்டைகளில் பெரும்பகுதியை நிறுத்திவிட்டேன். சர்க்கரை 4க்குக் கீழே இறங்கினால் செய்ய வேண்டியது, கீட்டோஅசிடோசிஸில் இன்சுலினுக்கு முன் பொட்டாசியம் அளவைப் பார்ப்பது, ஸ்டீராய்டு தொடங்கிய நோயாளிக்குப் பிற்பகலில் ஏறும் சர்க்கரை, இவை மட்டும் ஓடுகின்றன. என் தொகுப்பைக் கேட்கும் ஜூனியர்களுக்குத் தயங்காமல் கொடுக்கிறேன். ஒரே நிபந்தனை: முதல் அட்டையைத் திறக்கும் முன் தேடும் கட்டத்தில் ‘மில்லிகிராம்’ என்று போட்டு, வருவதையெல்லாம் இங்குள்ள வழிகாட்டுதலோடு தாங்களே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.