கிருஷ்ணகிரியிலிருந்து அந்தமானுக்கு லாரி-கப்பல் பார்சல்: நம்பி அனுப்பலாமா?

கிருஷ்ணகிரி, தருமபுரி பார்சல் ஆபீஸ்களில் அந்தமானுக்குப் புக்கிங் எடுக்கிறார்கள். இங்கிருந்து லாரியில் சென்னை, அங்கே கண்டெய்னரில் ஏறிக் கப்பல், போர்ட் பிளேரில் கோடவுன் டெலிவரி. 40 கிலோவுக்கு மேல் இருக்கும், சீக்கிரம் கெட்டுப்போகாத சாமான் எதுவானாலும் தாராளமாக இந்த வழியில் அனுப்பலாம். பேக்கிங்கிலும் புக்கிங் சீட்டிலும் கோட்டை விட்டால் மட்டும் பணமும் சாமானும் சேர்ந்து போகும்.

முதலில் கூலிக் கணக்கு. இங்கே தராசில் வைத்து எடை போடுவார்கள். கப்பல் பக்கம் எடையோடு கன அளவையும் பார்த்து, எது அதிகமோ அதற்குக் கூலி போடுவது வழக்கம். 60×45×45 செ.மீ. அட்டைப்பெட்டி ஒன்று 0.12 கன மீட்டர்; 8 பெட்டி சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு கன மீட்டர். 20 அடி கண்டெய்னரின் மொத்த இடமே சுமார் 33 கன மீட்டர்தான். அதனால் 50 கிலோ ராகி மூட்டைக்குக் கூலி கட்டுப்படியாகும். மெத்தை, தலையணை, பிளாஸ்டிக் நாற்காலிக்குக் கட்டாது. அவற்றை இங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு அங்கே வாங்கிக்கொள்வதே மேல். புக்கிங்கிலேயே "எடைக்கா, கன அளவுக்கா?" என்று கேட்டு, பதிலைச் சீட்டிலும் எழுதி வாங்குங்கள். போர்ட் பிளேர் கோடவுனில் 'டூ பே' தொகை, அதாவது சாமானை எடுக்கும்போது பெறுபவர் கட்டும் கூலி, எகிறுவது பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால்தான்.

நாள் கணக்கு: கிருஷ்ணகிரியிலிருந்து வேலூர் வழியாகச் சென்னை சுமார் 260 கி.மீ., ஒரே ராத்திரி. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் கடலில் சுமார் 1,190 கி.மீ.; கப்பல் ஓடுவது மூன்று நாள் போல. இடையில் சென்னை கோடவுனில் கண்டெய்னர் நிரம்பக் காத்திருப்பதுதான் நாளைத் தின்கிறது. மூன்று வாரம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் சின்னம் வந்தால் அதற்கு மேலும் இழுக்கும். பள்ளி திறக்கும் நாளுக்கோ பண்டிகைக்கோ சரியாகச் சேர வேண்டியதை இதில் போடாதீர்கள்.

இனி பேக்கிங். பெட்டி நனைவதற்குக் காரணம் கடல் தண்ணீர் என்றே பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் கண்டெய்னருக்குள் வியர்ப்பது. பகல் வெயிலில் உள்ளே இருக்கும் சாக்கு, மரம், அட்டை எல்லாம் ஈரத்தைக் கக்கும்; ராத்திரி தகரக் கூரை குளிர்ந்ததும் அந்த ஈரம் கூரையில் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு கீழே சொட்டும். மேல் அடுக்கில் இருக்கும் பெட்டியின் மூடி ஊறி, ஒட்டுப்பட்டை விட்டு, நடுவில் குழி விழும். அதன் மேல் இன்னொரு பெட்டி இருந்தால் இரண்டும் சேர்ந்து சரியும். ஆகவே ஏழு அடுக்கு அட்டைப்பெட்டி, உள்ளே கனமான பாலிதீன் பை, பைக்குள் சிலிக்கா ஜெல், வெளியே இழுத்துச் சுற்றும் பிளாஸ்டிக் தாளான ஸ்ட்ரெச் ஃபிலிம், அதன் மேல் குறுக்கும் நெடுக்கும் ஸ்ட்ராப். பெட்டி ஒன்று 25 கிலோவைத் தாண்ட வேண்டாம். கிருஷ்ணகிரியில் ஏற்றுவதிலிருந்து அங்கே வீட்டு வண்டியில் வைப்பது வரை குறைந்தது ஐந்து முறை கை மாறுகிறது. கனத்தால் தூக்க முடியாத பெட்டியைப் புரட்டித்தான் தள்ளுவார்கள்.

ராகியை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, ஆறிய பிறகு உள்பை போட்டுக் கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் பைக்குள்ளேயே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். புளி தண்ணீர் விடும். இரட்டைப் பையில், துணிப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காமல் அனுப்புங்கள். மாம்பழம், தக்காளி வேண்டவே வேண்டாம். மாங்கூழ் டின் நன்றாகப் போய்ச் சேரும்: 3.1 கிலோ டின் ஆறு கொண்ட பெட்டி, கூழ் மட்டும் 18.6 கிலோ. டின் விளிம்பு துருப்பிடிக்காமல் இருக்கப் பெட்டிக்குள்ளும் ஒரு பாலிதீன் உறை போடுங்கள்.

டேபிள்டாப் கிரைண்டரில் கல்லை டிரம்முக்குள் விட்டு அனுப்பவே கூடாது. லாரி குலுங்கும் ஒவ்வொரு தடவையும் கல் டிரம்மில் மோதும். தகடு ஒடுங்கும், நடுத்தண்டு வளையும். கல்லைக் கழற்றிச் சாக்கில் சுற்றித் தனிப்பெட்டியில் வையுங்கள். ஃபிரிட்ஜை இரண்டு நாள் முன்பே அணைத்து, கதவைத் திறந்து வைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு மரச்சட்டம் அடித்து நிமிர்ந்த வாக்கில் ஏற்றச் சொல்லுங்கள். பீரோவில் பெயிண்ட் உரிந்த இடங்களில் எண்ணெய் தடவாவிட்டால் உப்புக்காற்று அங்கிருந்துதான் அரிக்கத் தொடங்கும். கேஸ் சிலிண்டர், தின்னர், பட்டாசு எதையும் பெட்டிக்குள் ஒளித்து வைக்காதீர்கள். தீப்பிடித்தால் கண்டெய்னரில் இருக்கும் அத்தனை பேர் சாமானும் போகும்.

பைக் என்றால் பெட்ரோலை முழுக்க வடித்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஆர்.சி., இன்ஷூரன்ஸ் நகல்களோடு கொடுக்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் அங்கே ஓட்டுவதானால் மறுபதிவு தேவை. டி.என்.24 ஆனாலும் டி.என்.29 ஆனாலும் புறப்படும் முன்பே ஆர்.டி.ஓ.வில் படிவம் 28, அதாவது தடையில்லாச் சான்று வாங்கிவிடுங்கள். அங்கே போனபின் அலைவது பெரும் பாடு.

வியாபாரச் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில், அதாவது ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் சரக்குப் போக்குவரத்துச் சீட்டு வேண்டும். புழங்கிய வீட்டுச் சாமானுக்குத் தேவையில்லை. இங்கே நடக்கும் பெரிய தவறு, போக்குவரத்து வகையில் 'ரோடு' என்று போடுவது. 200 கி.மீ.க்கு ஒரு நாள் கணக்கில் 1,450 கி.மீ.க்கு எட்டே நாளில் பில் காலாவதியாகும். சரக்கு அப்போது சென்னை கோடவுனைத் தாண்டியிருக்காது. 'ஷிப்/ரோடு கம் ஷிப்' என்று போட்டால் 20 கி.மீ.க்கு ஒரு நாள், அதாவது 73 நாள் கிடைக்கும்.

எல்.ஆர். சீட்டில், அதாவது லாரி நிறுவனம் தரும் புக்கிங் ரசீதில், மதிப்பு கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். மதிப்பை அறிவிக்காவிட்டால், சாலைப் பயணத்தில் காணாமல் போனதற்கு லாரி நிறுவனத்தின் பொறுப்பு கூலியைப் போல பத்து மடங்கோடு நின்றுவிடும். வழக்குக்குப் போவதானால் புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். கடல் பகுதிக்குத் தனி மரைன் இன்ஷூரன்ஸ் எடுங்கள்.

இந்தச் சேவையின் பெரிய குறை, போர்ட் பிளேரோடு கை கழுவிவிடுவது. வடக்கே டிக்லிபூருக்குச் சாலையில் இன்னொரு வண்டி, தென்கோடியில் கேம்ப்பெல் பேவுக்கு இன்னொரு கப்பல், எல்லாம் பெறுபவர் தலையில். ஆள் வரத் தாமதமானால் டெமரேஜ், அதாவது கோடவுன் தாமதக் கட்டணம் ஏறும். புத்தகம், துணி, மருந்து போன்ற சின்னப் பார்சலுக்கு அஞ்சலகமே நல்லது: ஸ்பீடு போஸ்ட்டில் 35 கிலோ வரை எடுப்பார்கள், தீவின் உள்ளூர் அஞ்சலகம் வரை போய்ச் சேரும். 2024-ல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டதால் முகவரியில் இரண்டு பெயரையும் எழுதி, 744-ல் தொடங்கும் பின்கோடைப் பெரிதாகப் போடுங்கள்.

பெறுபவருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: கோடவுனில் பெட்டி எண்ணிக்கையைச் சீட்டோடு ஒப்பிட்டு, நசுங்கியதையும் நனைந்ததையும் படம் எடுத்து, டெலிவரி தாளிலேயே அதைக் குறித்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும்.